திருடப்பட்ட விசில்

மார்ச் 3, திங்கள்

என் டர்போவைத் திருடிவிட்டான் பெஞ்சமின். நல்ல டர்போவைக் கழற்றி வைத்துக்கொண்டு, எவனுடைய வண்டியிலிருந்தோ எடுத்த செத்த டர்போ ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறான். இதை முதலில் எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் வந்து நான் பேச்சை மாற்றுகிறேன் என்று சொல்லக் கூடாது.

நடந்தது இதுதான். கிளட்ச் மாற்றுவதற்காக இருகூர் ரோட்டில் உள்ள அவனுடைய ஷெட்டில் வண்டியை விட்டேன். வழக்கமாக இந்த வேலையை நானே செய்வேன். இந்த முறை காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். இரண்டு வாரம் இழுத்தது. தலை, தொண்டை, காது எல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்தேன். எழுந்ததும் முதல் வேலையாகப் போய் வண்டியை எடுத்தேன். சிங்காநல்லூர் வந்து சேர்வதற்குள் தெரிந்துவிட்டது. விசில் இல்லை.

என் வண்டி சின்ன வண்டி. ஆயிரம் சிசி, மூன்று சிலிண்டர். ஆனால் டர்போ. என்ஜின் கக்கும் புகையின் வேகத்திலேயே சுழன்று, காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திரும்பத் திணிக்கும் ஒரு சின்னச் சக்கரம். அது வேகமெடுக்கும்போது மெல்லிய விசில் ஒன்று எழும். மில்லில் எண்ணெய் சரியாக விட்ட, நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமில் கதிர்கள் எல்லாம் ஒன்றாகச் சுழலும்போது வருமே, அந்தச் சத்தத்தின் தங்கை. அந்த விசிலை வைத்துத்தான் நான் கியர் மாற்றுவேன். அதை வைத்துத்தான் இந்த நான்கு வருடமும் வண்டியில் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தேன். பெரிய இன்டர்கூலர், திறந்த ஏர் ஃபில்டர், அகலமான புகைக்குழாய், கெட்டி ஸ்ப்ரிங். எல்லாம் என் கையால். அழுத்தம் காட்டும் டயல் ஒன்று வைக்கச் சொல்லி, ஞாயிறு காலையில் கூடும் வண்டிப் பையன்கள் எத்தனையோ முறை சொன்னார்கள். டயல் காது இல்லாதவனுக்கு என்று சொல்லிவிட்டேன்.

எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவன் நான். ஹெல்பராகப் போய், ஃபிட்டராகி, மேஸ்திரியாக வெளியே வந்தேன். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. என்னை ஏமாற்ற முடியும் என்று ஒருவன் நினைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு மாவு ஏற்றினோம். என் மனைவி துளசிமணி இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். பாக்கெட்டுகள் பின்னால். டீக்கடைக்குப் போகும் மாவு மட்டும் மூடி சரியில்லாத ஒரு வாளியில். அதை அவள் முன் சீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் மடியில் அணைத்துக்கொள்வாள். கெட்டி ஸ்ப்ரிங் போட்ட நாளிலிருந்து இதே கதை. ரோடு மேல் கோபப்படுவதை விட்டுவிட்டு வண்டி மேல் கோபப்படுகிறாள்.

இண்டிகேட்டர் போட்டால் வரும் டிக் டிக் சத்தமும் போய்விட்டது. விளக்கு மட்டும் மின்னுகிறது. பெஞ்சமின் வயரிங்கிலும் கை வைத்திருக்கிறான். சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும் சனியனும் நின்றுவிட்டது. அதில் மட்டும் அவனுக்கு நன்றி.

துளசிமணிக்குப் பல் கட்டியதிலிருந்து பேச்சே சரியில்லை. வாய்க்குள்ளேயே பேசுகிறாள். பல் டாக்டரிடம் போய்ச் சரிசெய்துகொள் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 6, வியாழன்

குக்கரில் பருப்பு கருகிவிட்டது. நான் ஹாலில் உட்கார்ந்திருந்தும் ஒரு விசில்கூட வரவில்லை. வெயிட் தேய்ந்திருக்கிறது. புதிது வாங்கினேன்.

மார்ச் 7, வெள்ளி

பெஞ்சமின் வீட்டுக்கு வந்தான். நான் கூப்பிடவில்லை, துளசிமணி கூப்பிட்டிருக்கிறாள். அவனுடைய அப்பன் என் செக்‌ஷனில் ஆயில்மேனாக இருந்தவன். அதனால் அவனும் என்னை மேஸ்திரி என்றுதான் அழைப்பான். நாற்பது வயது தாண்டியும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். இந்தப் பணிவில்தான் நான் ஏமாந்தேன்.

சாவியைக் கேட்டான். கொடுத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒண்டிப்புதூர் மேம்பாலம் வரை ஓட்டிப் போய்த் திருப்பிக்கொண்டு வந்தான். இறங்கும்போது அவன் முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. திருடனுக்குக் குழப்பம் வருவது நியாயம்தான்.

"நல்லாத்தானுங் மேஸ்திரி விசிலடிக்குது. முன்னைக்கு இப்பத்தான் ஜோராக் கேக்குது," என்றான்.

அப்படியென்றால் நான் பொய் சொல்கிறேனா என்று கேட்டேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லுவனுங்களா. டர்போ மேல இருக்கற தகட்டக் கழட்டிப் பாருங். நீங்க குத்துன நம்பர் இருக்கும்."

இதை விளக்க வேண்டும். மில்லில் ஒவ்வொரு ஃபிட்டரும் தன் ஸ்பானரில் தன் டோக்கன் எண்ணை உளியால் குத்தி வைப்பான். இல்லையென்றால் அடுத்த ஷிப்ட்டுக்காரன் தூக்கிக்கொண்டு போவான். என் எண் 417. பழக்க தோஷம், டர்போ வாங்கி மாட்டியபோது அதிலும் குத்தினேன். என்னுடைய நான்காம் எண் உளிக்கு அடிக்கால் உடைந்திருக்கும். அதனால் என் 4 நொண்டி 4.

கழற்ற மாட்டேன் என்றேன். ஏன் கழற்ற வேண்டும்? நாற்பது வருடம் ஸ்பிண்டில் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொன்னவன் நான். காதால் பார்த்துவிட்ட ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? என் பேச்சு போதாது, ஒரு நம்பர் வந்து சாட்சி சொல்ல வேண்டுமா? தவிர, நம்பரை எவன் வேண்டுமானாலும் குத்தலாம்.

துளசிமணி டீ கொண்டுவந்தாள். அவளும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டில் உட்கார்ந்து என் முதுகுக்குப் பின்னால் பார்வை பரிமாறுகிறார்கள். டீயைத் தொடாமல் எழுந்து போனேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீலாம்பூர் பைபாஸில் ஒரு டீக்கடை முன்னால் வண்டிப் பைத்தியங்கள் கூடுவோம். எல்லாம் முப்பது வயதுக்குள் இருக்கும் பையன்கள். கம்ப்யூட்டர் வேலை, ஃபவுண்டரி முதலாளிகளின் மகன்கள், இப்படி. என்னை டர்போ தாத்தா என்பார்கள். அவர்கள் காசு கொடுத்துச் செய்யும் வேலையை நான் கையால் செய்கிறேன் என்பதில் அவர்களுக்கு ஒரு மரியாதை. அந்த வண்டிகளில் பாதி பெஞ்சமின் ஷெட்டில் வேலை பார்த்தவை.

இன்று அங்கே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெஞ்சமின் என் டர்போவை மாற்றிவிட்டான், உங்கள் வண்டிகளை அங்கே விட்டால் திரும்பி வருவது உங்கள் வண்டியாக இருக்காது என்று. மிகச் சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஒருவன் என் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். உங்கள் காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டு திரிகிறீர்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்றேன். சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.

செய்ய வேண்டியதைச் செய்தேன்.

மார்ச் 12, புதன்

செத்த டர்போவானாலும் அதைப் பேச வைக்க எனக்குத் தெரியும். டர்போவின் அழுத்தம் எல்லை தாண்டும்போது, புகையை வேறு வழியில் திறந்துவிடும் ஒரு கதவு உண்டு. அதை இழுக்கும் கம்பியின் நுனியில் திருகு மறை இருக்கிறது. கம்பியைச் சுருக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் ஏறும். இன்று அரைச் சுற்று சுருக்கினேன்.

இழுவை கொஞ்சம் கூடியது. விசில் இல்லை.

புகைக்குழாயில் நடு சைலன்சரையும் எடுத்துவிட்டு நேர்க் குழாய் வைத்துப் பற்றவைத்தேன். இப்போதுதான் வண்டிக்கு ஒரு குரல் வந்திருக்கிறது. அடிவயிற்றிலிருந்து வருகிறது. எதிர்வீட்டு கோகிலா டீச்சர் வந்து துளசிமணியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்னவென்று கேட்டேன். வண்டி ஸ்டார்ட் செய்தால் அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறதாம். அதைச் சொல்லத் துளசிமணிக்கு இரண்டு தடவை வாய் திறக்க வேண்டியிருந்தது. பல் டாக்டரிடம் போகச் சொன்னேனே என்றேன்.

மார்ச் 15, சனி

இன்று நடந்ததை எழுதாமல் விட முடியாது. ஹோப் காலேஜ் சிக்னலுக்கு முன்னால் பச்சைக்குக் காத்திருந்தேன். பச்சை விழுந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். துளசிமணி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒட்டி ஒரு ஆம்புலன்ஸ். மேலே விளக்கு சுற்றுகிறது. சைரன் போடாமலே வருகிறான். ஒதுங்கி வழி விட்டேன். தாண்டும்போது டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைத் திட்டிக்கொண்டே போனான். வாய் அசைந்த விதத்திலேயே கெட்ட வார்த்தை என்று தெரிந்தது. வாயசைவைப் படிப்பதில் மில்காரனை யாரும் மிஞ்ச முடியாது.

சைரன் போடாமல் வந்தது அவன் தப்பு. நான் யாருக்கும் வழி மறிப்பவன் இல்லை. உள்ளே யாரோ படுத்திருந்தார்கள். கண்ணாடி வழியாக ஒரு கால் தெரிந்தது.



மார்ச் 16, ஞாயிறு

டீக்கடைக்குப் போகவில்லை. தூக்கம் வரவில்லை, அதனால்.

மார்ச் 19, புதன்

கம்பியை இன்னும் முக்கால் சுற்று சுருக்கினேன். இழுவை கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. மூன்றாவது கியரில் மிதித்தால் முதலில் துள்ளுகிறது, பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல் மந்தமாகிறது. நல்ல டர்போவாக இருந்தால் இப்படி ஆகுமா? இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியிருக்கிறது. அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். என்னை எச்சரிக்க விளக்கு தேவையில்லை.

சாப்பிடும்போது துளசிமணி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சாய்பாபா காலனியில் ஒரு டாக்டரைப் பார்க்க அடுத்த வியாழன் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். பல்லுக்கா என்றேன். இல்லை என்றாள். வேறு எதற்கு என்று நான் கேட்கவில்லை. வியாழன் எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

பிறகு பெஞ்சமின் பேச்சை எடுத்தாள். ஷெட்டில் நான்கு வண்டி நின்ற இடத்தில் இப்போது ஒன்றுதான் நிற்கிறதாம். வேலைக்கு வைத்திருந்த ஆளை நிறுத்திவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் அங்கேயும் ஒருவர் டர்போவைப் பற்றிக் கேட்டாராம்.

கேட்கட்டும் என்றேன்.

"அவன் பொறந்தப்ப அவங்கப்பன் மிட்டாய் குடுத்தது உங்களுக்குத்தானுங்க மொதல்ல," என்றாள்.

இந்த வாக்கியம் மட்டும் தெளிவாக விழுந்தது. அவளால் தெளிவாகப் பேச முடியும் என்று இதிலிருந்து தெரிகிறது. வேண்டுமென்றே மற்ற நேரம் முணுமுணுக்கிறாள்.

மார்ச் 22, சனி

போக்குவரத்துப் போலீஸ் பிடித்தார். புகைக்குழாய் சத்தத்துக்கு அபராதம். மாவு வாளியோடு உட்கார்ந்திருந்த துளசிமணியைப் பார்த்துவிட்டு, இந்த வண்டியிலா மாவு விற்கிறீர்கள் என்றார். எந்த வண்டியில் விற்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். அபராதத்தை இரட்டிப்பாக்கியிருப்பார். துளசிமணி இரண்டு இட்லி மாவு பாக்கெட்டை நீட்டினாள். வாங்கவில்லை, ஆனால் சிரித்துவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

ராமநாதபுரம் மளிகைக் கடை முன்னால் ரிவர்ஸ் எடுக்கும்போது அவர்களுடைய ஐஸ்கிரீம் பெட்டியில் இடித்தேன். பின்னால் இருக்கும் சென்சார் கத்தவே இல்லை. கடைக்காரர் கத்தியதாகச் சொல்கிறார். அவர் கத்தியிருந்தால் நான் ஏன் நிறுத்தாமல் இருக்கப் போகிறேன்? பெஞ்சமின் தொட்ட வண்டியில் ஒன்றுகூட மிச்சமில்லை.

முருங்கை மரத்துக்கு வரும் தேன்சிட்டையும் இந்த வருடம் காணோம் என்று எழுத நினைத்தேன். மாலையில் பார்த்தேன், இரண்டு வந்திருந்தன. கிளையில் உட்கார்ந்து அலகைத் திறந்து திறந்து மூடின. இந்த வருடத்துச் சிட்டுகள் பேசுவதில்லை.

மார்ச் 27, வியாழன்

சாய்பாபா காலனிக்குப் போகவில்லை. கம்பியைக் கடைசி வரை சுருக்கினேன்.

மார்ச் 28, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும்.

நீலாம்பூர் தாண்டி ஒரு கல்லூரி விடுதியில் விழா. மாவு அதிகமாகக் கேட்டிருந்தார்கள். பின் சீட்டை மடக்கி முழுக்க அடுக்கினோம். துளசிமணி வழக்கம்போல வாளியோடு முன்னால். பைபாஸ் ஏறியதும் ரோடு காலி. இன்று விசில் வந்தே தீர வேண்டும் என்று நான்காவது கியரில் மிதித்தேன்.

வண்டி நிறையப் பாரம். மேம்பாலத்து ஏற்றம். மிதித்த காலை எடுக்கவில்லை. மந்தமாகத்தான் ஏறியது. என் கவனம் முழுக்க அந்த ஒரு சத்தத்தின் மேல். எங்கே, எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன். குழாயின் உறுமல்தான் இருக்கிறது. துளசிமணி ஏதோ சொன்னாள். முணுமுணுப்பு. மறுபடியும் சொன்னாள். நான் திரும்பவில்லை. இன்னும் மிதித்தேன்.

அப்போது என் கண்ணுக்கும் ரோட்டுக்கும் நடுவில் அவள் கைகள் வந்தன.

மில்லில் வாயால் பேச முடியாது. ஃப்ரேம்கள் ஓடும்போது கையால்தான் பேசுவோம். நூல் அறுந்தால் ஒரு சைகை, பாபின் தீர்ந்தால் ஒரு சைகை, டீக்கு ஒன்று, மேலதிகாரி வருகிறான் என்பதற்கு ஒன்று. துளசிமணி அங்கே அறுந்த நூலை ஒட்டும் சைடர், நான் ஃபிட்டர். நாங்கள் கல்யாணம் பேசிக்கொண்டதே அப்படித்தான், ஒன்பதாம் ஃப்ரேமுக்கும் பதினோராம் ஃப்ரேமுக்கும் நடுவில். இடது உள்ளங்கையை விரித்து அதன் மேல் வலது முஷ்டியை ஓங்கி வைத்தால் ஒரே பொருள். மெஷினை நிறுத்து. ஆள் மாட்டிக்கொண்டால் மட்டும் காட்டும் சைகை அது. அதைப் பார்த்தால் எந்த ஃபிட்டரும் ஏன் என்று கேட்க மாட்டான்.

அந்த முஷ்டி உள்ளங்கையில் விழுந்ததைப் பார்த்தேன். நான் யோசிப்பதற்குள் கால் தானாக எடுபட்டுவிட்டது. கிளட்ச் மிதித்து, சாவியைத் திருப்பி, ஓரத்தில் உருட்டி நிறுத்திவிட்டேன்.

பிறகுதான் பார்த்தேன். சைகை காட்ட அவளுக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டிருக்கின்றன. வாளியை விட்டுவிட்டாள். டாஷ்போர்டு, கியர், அவள் சேலை, என் மடி, எல்லாம் மாவு. கியர் லிவரிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

பானட்டைத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. துளசிமணி என் எதிரே வந்து நின்றாள். முகத்தில் மாவு.

"கல்லக் கொட்டி ஆட்டுன மாதிரி சத்தமுங்க உள்ள. நிறுத்துங்க நிறுத்துங்கன்னு மூணு தடவ கத்திட்டேன்," என்றாள்.

எனக்குத் தெரியும் அது என்ன சத்தம் என்று. அழுத்தம் அளவுக்கு மீறினால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னால் வெடிக்கும். பிஸ்டன் மேல் சுத்தியலால் அடிப்பது போல. தெருவில் போகிறவனுக்குக்கூடக் கேட்கும் சத்தம் அது.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, "டர்போ எங்கயும் போகலீங்க," என்றாள். மீதியைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெஞ்சமினுக்குப் போன் செய்தது அவள்தான். வர மாட்டான் என்று நினைத்தேன். கயிறோடு வந்தான். வண்டிக்குள் எட்டிப் பார்த்தான், மாவைப் பார்த்தான், சிரிக்கவில்லை. கம்பியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. மறை முழுக்க உள்ளே போயிருந்தது. தன் சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, என்னைக் கேட்காமலே, எல்லாச் சுற்றையும் திருப்பி விட்டான். என் கண் முன்னாலேயே இன்னொருவன் என் வண்டியில் கை வைத்தும் நான் தடுக்காதது இதுதான் முதல் தடவை.

அப்புறம் நேராக என் முன்னால் வந்து நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "பிஸ்டன் தப்பிச்சிருக்கும்னு நெனைக்கறனுங் மேஸ்திரி. அந்த ஏத்தம் முழுசா ஏறியிருந்தீங்கன்னா ஓட்டையாயிருக்கும்."

முந்தியெல்லாம் அவன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசுவான். இன்று முகத்தைப் பார்த்துப் பேசினான். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

விடுதிக்கான மாவை அவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

மார்ச் 29, சனி

ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றினேன். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியது போல் புள்ளிகள். அது மிளகு இல்லை, பிஸ்டனின் அலுமினியம். உருகத் தொடங்கியிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள எனக்கு யாரும் தேவையில்லை.

மாலை முழுக்க மாவைக் கழுவினேன். ஏசி ஓட்டைகளுக்குள் போனது வரவில்லை. புளித்த நாற்றம் இந்த வண்டியை விட்டுப் போகாது.

மார்ச் 30, ஞாயிறு

தகட்டைக் கழற்றினேன். பார்த்தேன். மாட்டினேன்.

மார்ச் 31, திங்கள்

நொண்டி 4.

ஏப்ரல் 2, புதன்

இரண்டு நாளாக மாவு ஆட்டோவில் போகிறது. துளசிமணி முன்னால் டிரைவரோடு பேசிக்கொண்டு போகிறாள். அவரோடு பேசும்போது அவளுக்குப் பல் எந்தத் தொந்தரவும் செய்வதில்லை.

இன்று காலை அவள் சமையலறை வாசலில் நின்று, வாயைத் திறக்காமல், இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். டீ. நாற்பது வருடத்துக்கு முந்தைய சைகை. எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன ஃப்ரேம் ஓடுகிற இடத்திலா உட்கார்ந்திருக்கிறேன், வீடு நிசப்தமாக இருக்கிறது, வாயால் கேட்டால் என்ன என்று கத்தினேன். அவள் அடுப்பின் பக்கம் கை காட்டினாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மிக்சியும். குக்கர் ஆவி விட்டு ஆடிக்கொண்டிருந்தது.

தலையை ஆட்டினேன். டீ கொண்டுவந்தாள். குடித்தேன்.

யாரும் என்னிடம் எதையும் விளக்க வேண்டாம். நானும் யாருக்கும் எதையும் விளக்கப்போவதில்லை. காய்ச்சலை அனுப்பியது நான் இல்லை. ரிங் ஃப்ரேம்களை அந்தச் சத்தத்தோடு செய்தவனும் நான் இல்லை. அங்கே காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கூடக் கொடுத்ததில்லை, பஞ்சு மில்லில். எனக்கு ஒரு அநியாயம் நடந்தது. செய்தவன் பெயரைத் தவறாக எழுதிவிட்டேன், அவ்வளவுதான். அநியாயம் அநியாயம்தான்.

வண்டியை நான் விற்க மாட்டேன். மெதுவான வண்டி வாங்கவும் மாட்டேன். ஆனால் சில வேலைகள் ஆக வேண்டும். எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு காலை நீலாம்பூர் டீக்கடைக்கு நான் போக வேண்டும். டர்போ என்னுடையதுதான், பெஞ்சமின் கை சுத்தம் என்று போன தடவை சொன்ன அதே சத்தத்தில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உடனே கிளம்ப வேண்டும். காரணம் கேட்பவனுக்குப் பதில் கிடையாது.

பையன்கள் தங்கள் வண்டிகளைத் திரும்ப அவன் ஷெட்டில் விட வேண்டும். விட்டார்களா என்று நான் போய்ப் பார்ப்பேன்.

பெஞ்சமின் என்ஜினைத் திறந்து பிஸ்டன்களைப் பார்க்க வேண்டும். கம்பியின் மறை மேல் பெயிண்ட் அடித்து அவனே முத்திரை வைக்க வேண்டும். நடு சைலன்சரைத் திரும்ப வைக்க வேண்டும். அதோடு, ஸ்டீயரிங்குக்கு நேர் மேலே, என் கண் விழும் இடத்தில், அழுத்தம் காட்டும் டயல் ஒன்று வைக்க வேண்டும். எண்கள் பெரிதாக இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். சத்தம் போடுகிற டயல் வேண்டாம்.

மீட்டரில் ஒட்டிய கறுப்பு டேப்பை நான் எடுக்க வேண்டும்.

சாய்பாபா காலனி டாக்டரிடம் துளசிமணி மறுபடி நேரம் வாங்க வேண்டும். வியாழனாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் எதையாவது மாட்டச் சொன்னால், ஸ்பானரைப் போல அதிலும் என் நம்பரைக் குத்த இடம் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

பல் டாக்டரிடம் அவள் போக வேண்டியதில்லை.

பின்பக்கத்துக் கெட்டி ஸ்ப்ரிங்கைக் கழற்றிப் பழைய மெத்தென்ற ஸ்ப்ரிங்கை நான் மாட்ட வேண்டும். வாளிக்கு இறுக்கமான மூடி ஒன்று வாங்கி, பின்னால் தரையில் பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும்.

துளசிமணி எப்போதும் முன் சீட்டில் உட்கார வேண்டும். மடியில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. அவளுடைய இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும்.